10 சென்டிமீட்டரும் 30 மீட்டரும் ஒரே ராஸ்டரில்: ஒரு கண்மாய்க்காகச் செய்த வேலை

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய். மழை நன்றாகப் பெய்த வருடத்திலும் அது பெருகுவதில்லை, ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று, அதன் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுதாரர்கள் கேட்டிருந்தார்கள். கையில் இரண்டு தரவுகள் இருந்தன. ஒன்று, ஏப்ரலில் கண்மாய் காய்ந்து கிடந்தபோது ட்ரோன் விட்டு எடுத்த உயரப் படம். அதில் ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும், அதாவது செல்லுக்கும், ஓர் உயரம் இருக்கும். செல் அளவு 10 சென்டிமீட்டர், பரப்பு 1.8 சதுர கிலோமீட்டர். உள்வாய், கரை, மடைகள், உபரி நீர் வழியும் கலுங்கு, வரத்துக்கால்வாயின் கடைசி முக்கால் கிலோமீட்டர் எல்லாம் அதில் வந்துவிட்டது. இன்னொன்று, இலவசமாகக் கிடைக்கும் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு. டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை அளந்ததிலிருந்து செய்தது.

கண்மாய்க்குத் தண்ணீர் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஓடி வருகிறது. ட்ரோன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது எங்கே கிளம்புகிறது என்று சொல்ல முடியாது. 30 மீட்டர் தரவை மட்டும் வைத்தாலோ கரையே தெரியாது. தண்ணீர் கரையைத் துளைத்துக்கொண்டு வயலுக்குள் போவதாகக் கணக்கு காட்டும். ஆகவே இரண்டையும் ஒரே ராஸ்டராக, அதாவது செல்களால் ஆன ஒரே கட்டப்படமாக ஆக்கி, அதன் மேல் நீரோட்டக் கணக்கைப் போட வேண்டும். நான்கு நாளில் முடியும் என்று நினைத்தது மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரத்தில் கற்றதை எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது உதவும்.

ஒரே ராஸ்டருக்குள் இரண்டு செல் அளவு இருக்க முடியுமா? சாதாரண ராஸ்டரில் முடியாது. ராஸ்டரை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் ஆஸ்கி கிரிட் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே ஐந்தாறு வரிகள்தான் தலைப்பு: எத்தனை நிரல், எத்தனை வரிசை, இடது கீழ் மூலை எங்கே, செல்சைஸ் எவ்வளவு. செல்சைஸுக்கு ஒரே ஒரு எண். அதற்குக் கீழே வருவதெல்லாம் வெறும் மதிப்புகள். எந்த மதிப்பு எந்த இடத்துக்கு உரியது என்பதை, அந்த ஒரே எண்ணை வைத்து எண்ணிக்கொண்டே போய்த்தான் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. ராஸ்டர்களுக்கு வழக்கமாகப் பயன்படும் ஜியோடிஃப் கோப்பிலும் சங்கதி இதுதான். அதனால்தான் கணக்கு இத்தனை வேகமாக நடக்கிறது, அதனால்தான் இரண்டு அளவுகளைக் கலக்கவும் முடிவதில்லை.

விலக்குகள் உண்டு. கடலடி ஆழ அளவைக்காரர்கள் பயன்படுத்தும் பேக் என்ற வடிவத்தில், பெரிய கட்டங்களுக்குள் இடத்துக்கு இடம் வேறுவேறு நுணுக்கத்தில் சின்னக் கட்டங்களை வைக்கலாம். ஆர்க்ஜிஸ் என்ற வரைபட மென்பொருளின் மொசைக் டேட்டாசெட், வெவ்வேறு செல் அளவுள்ள படங்களை அப்படி அப்படியே வைத்துக்கொண்டு, நாம் எவ்வளவு நெருங்கிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுத்துக் காட்டும். பார்ப்பதற்கு இவை அருமை. ஆனால் நீரோட்டக் கணக்கு என்று வந்துவிட்டால், ஒவ்வொரு செல்லும் தன் எட்டு அண்டைச் செல்களை ஒப்பிட்டாக வேண்டும். அதற்கு எல்லாச் செல்லும் ஒரே அளவில் இருந்தே தீர வேண்டும்.

முதல் முயற்சியாக, இரண்டையும் மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, ஜிடால் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் படங்களை ஒட்டும் பில்ட்விஆர்டி கருவியில் கொடுத்தேன். கோப்பு நொடியில் தயார். செல் அளவு 15.05 மீட்டர். எங்கிருந்து வந்தது இந்த எண் என்று கொஞ்ச நேரம் திகைத்தேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தக் கருவி உள்ளே வரும் செல் அளவுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும்: 30-ஐயும் 0.1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15.05. மதிப்பை எடுக்கும் முறைக்கும் ஒன்றும் சொல்லாததால், பக்கத்தில் இருக்கும் ஒரு செல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அதாவது 150-க்கு 150, மொத்தம் 22,500 ட்ரோன் செல்களில் ஒன்று தப்பியது, மற்றவை போயின. கரை அங்கங்கே அறுந்த புள்ளிகளாக நின்றது. ஐந்து மீட்டர் அகலக் கால்வாய் இருந்த இடமே தெரியவில்லை.

சரி, செல் அளவை நாமே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் என்ன? நீர்ப்பிடிப்பை உள்ளடக்கிய செவ்வகம் 12-க்கு 10 கிலோமீட்டர். 10 சென்டிமீட்டரில் அது 1,200 கோடி செல். ஒரு செல்லுக்கு 4 பைட் என்றால் 48 ஜிபி. என் மடிக்கணினி தாங்காது. தாங்கினாலும் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு 30 மீட்டர் தரவைச் சும்மா நுணுக்கி வைத்ததாகத்தான் இருக்கும். அதனால் கேள்வியை மாற்றினேன்: தண்ணீரின் போக்கை மாற்றக்கூடியவற்றில் மிகக் குறுகியது எது? கால்வாய் ஐந்து, ஆறு மீட்டர். கரையின் மேல்தளம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். கால்வாயின் குறுக்கே இரண்டு மூன்று செல்லாவது விழ வேண்டும். 2 மீட்டர் என்று முடிவு செய்தேன். 3 கோடி செல், 120 எம்பி. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

செல் அளவோடு மூலையையும் கவனிக்க வேண்டும். இரண்டு ராஸ்டரும் 2 மீட்டராக இருந்தும், ஒன்றின் கட்டங்கள் இன்னொன்றின் கட்டங்களோடு பொருந்தாமல் அரைச் செல் தள்ளி நின்றால், சேர்க்கும்போது மீண்டும் ஒருமுறை மதிப்புகள் கலங்கும். செல் அளவை மாற்றும் ஜிடால்வார்ப் கருவியில் கட்ட மூலைகளைச் செல் அளவின் மடங்குகளில் நிறுத்தும் ஒரு விருப்பம் இருக்கிறது. டேப் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதை இரண்டு கோப்புக்கும் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கோப்பர்னிக்கஸ் தரவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதன் மதிப்பு செல்லின் பரப்புக்கு உரியது அல்ல, நடுப்புள்ளிக்கு உரியது என்று கோப்பிலேயே குறித்திருக்கும். ஜிடால் அதைப் படித்துச் சரிசெய்துகொள்ளும். இடையில் வேறு வடிவத்துக்கு மாற்றி, மூலையா நடுப்புள்ளியா என்பதைக் கைத்தவறாகக் கொடுத்துவிட்டால் 15 மீட்டர் தள்ளிப் போய்விடும்.

அடுத்து உயரம். இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். சேர்த்த ராஸ்டரை க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் சொடுக்கினேன். 30 மீட்டர் தரவு 102 மீட்டர் என்கிறது. ட்ரோன் 7 மீட்டர் என்கிறது. ஒரே மைதானம். ட்ரோனில் இருக்கும் ஜிஎன்எஸ்எஸ் என்ற செயற்கைக்கோள் இடங்காட்டி உயரத்தை அளப்பது டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்திலிருந்து, அதாவது பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட வழுவழுப்பான உருண்டையிலிருந்து. கோப்பர்னிக்கஸ் அளப்பது ஈஜிஎம் 2008 என்ற ஜியாய்டிலிருந்து, அதாவது கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து. உலகில் பல இடங்களில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20, 30 மீட்டர். நம் பக்கம் அப்படி இல்லை. உலகத்திலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே நீள்கோளத்துக்குக் கீழே சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தென் தமிழ்நாடு இருக்கிறது. இங்கே வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். இராமநாதபுரம் கடற்கரையில் ட்ரோன் விட்டால் நிலத்தின் உயரமே மைனஸில் வரும். கருவி பழுதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஜியாய்டு கட்டத்தை இறக்கி, ட்ரோன் உயரத்திலிருந்து கழித்தேன். ஜியாய்டு மதிப்பு இங்கே மைனஸ் என்பதால் கழித்தால் கூடும். எஸ்ஆர்டிஎம் என்ற பழைய ரேடார் உயரத் தரவோடு சேர்ப்பவர்கள், அது ஈஜிஎம் 96 என்ற முந்தைய ஜியாய்டை அடிப்படையாகக் கொண்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திருத்திய பிறகும் சின்ன வித்தியாசம் மிச்சம் இருந்தது. அதைச் சரியாக அளக்க, 30 மீட்டரை நுணுக்கி ட்ரோனோடு ஒப்பிடக் கூடாது. ட்ரோனை 30 மீட்டருக்குச் சராசரியாகத் திரட்டி, பருவட்டான அளவிலேயே கழித்துப் பார்க்க வேண்டும். மரமும் வீடும் இல்லாத இடங்களை மட்டும் எடுத்தேன்: மைதானம், களத்துமேடு, தரிசு நிலம். வித்தியாசங்களின் இடைநிலை மதிப்பு 1.6 மீட்டர். 30 மீட்டர் தரவு அவ்வளவு உயரத்தில் நின்றது. சீமைக்கருவேலங்காட்டில் அது மூன்று, நான்கு மீட்டர் வரை போனது. ரேடார் அங்கே தரையை அல்ல, மரத்தலையைத்தான் பார்க்கிறது. ட்ரோன் புள்ளிகளை நான் முன்பே தரை, மரம் என்று பிரித்திருந்தேன். ஆனாலும் உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்த இரண்டு திட்டுகளில் ஒரு தரைப்புள்ளிகூடத் தேறவில்லை. அந்த ஓட்டைகளைச் சுற்றியுள்ள தரையை வைத்து நிரப்பினேன், நிரப்பியது என்று தனியாகக் குறித்தும் வைத்தேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தரவு இல்லாத இடங்களில் என் ட்ரோன் கோப்பு மைனஸ் 9999 என்று வைத்திருந்தது, ஆனால் அது வெற்று மதிப்பு என்று தலைப்பில் சொல்லப்படவில்லை. சராசரி எடுத்ததும் எல்லை நெடுகிலும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கிணறுகள் விழுந்துவிட்டன. முதலில் அதை அறிவித்துவிட்டு அப்புறம் மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது செல் அளவை மாற்றும் முறை. நுணுக்கமானதைப் பெரிதாக்குவது வேறு, பெரியதை நுணுக்குவது வேறு. இரண்டுக்கும் ஒரே முறையைப் போடக் கூடாது. ட்ரோனை 2 மீட்டருக்குக் கொண்டுவரும்போது 400 செல் சேர்ந்து ஒன்றாகிறது. அங்கே சராசரிதான் நியாயம். 30 மீட்டரை 2 மீட்டராக்கும்போது ஒரு செல் 225 ஆகப் பிரிகிறது. பக்கத்துச் செல்லை அப்படியே எடுக்கும் முறையில் அந்த 225-க்கும் ஒரே மதிப்பு, அதாவது 30 மீட்டர் அகலத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாகச் சமதளங்கள். அதன் மேல் நீரோட்டம் ஓட்டினால், கோடு கோடாகச் சீப்பால் வாரிய மாதிரி நேர்கோடுகள் கிடைக்கும். சுற்றியுள்ள நான்கு செல்களுக்கு இடையே விகிதப்படி மதிப்பு எடுக்கும் பைலீனியர் பரவாயில்லை. நான் வழுவழுப்பான வளைவு போட்டு நிரப்பும் க்யூபிக் ஸ்ப்லைன் எடுத்தேன். அது கொஞ்சம் மழுப்பும், ஆனால் சரிவு எங்கும் முறியாது, இல்லாத மேடு பள்ளம் எதையும் புதிதாக உண்டாக்காது.

சராசரிக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கலுங்கில்தான் பார்த்தேன். கலுங்குச் சுவரின் மேல்பகுதி 60 சென்டிமீட்டர் அகலம். 2 மீட்டர் செல்லில் சுவரும் அதன் இருபுறத் தாழ்வும் சேர்ந்து சராசரியாகி, சுவர் 22 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது. 22 சென்டிமீட்டர்தானே என்று விட முடியாது. நீர் பரவும் 40 ஹெக்டேரில் அது 88,000 கன மீட்டர், ஏறக்குறைய 31 லட்சம் கன அடி. ஒரு போகத்தில் கடைசி நனைப்புக்குத் தண்ணீர் இருக்குமா இல்லையா என்பதே அதில் இருக்கிறது. கலுங்கின் உண்மையான மட்டத்தை 10 சென்டிமீட்டர் படத்திலிருந்து எடுத்து, அந்தச் செல்களில் கையால் எழுதினேன். கரையின் மேல்தளத்துக்கும் அப்படியே செய்தேன்.

பிறகு தையல். 1.6 மீட்டரை மொத்தமாகக் கழித்த பின்னும் எல்லையில் இங்கே அரை மீட்டர் மேடு, அங்கே முக்கால் மீட்டர் பள்ளம். நீரோட்டக் கணக்குக்கு அந்த மேடு ஓர் அணை. தண்ணீர் எல்லையோரமாகவே ஓடி, ட்ரோன் பரப்பைச் சுற்றிக்கொண்டு போனது. முதலில் எல்லையிலிருந்து உள்பக்கமாக 90 மீட்டருக்கு இரண்டையும் தூரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கலந்தேன். தையல் மறைந்தது, கூடவே கரையின் ஒரு முனையும் மறைந்தது. அது எல்லைக்கு 40 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. நல்ல தரவைக் கெட்ட தரவுக்காக வளைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளிப்பக்கமாகத் திரும்பினேன். எல்லையில் ஒவ்வொரு இடத்திலும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை வெளியே பரப்பி, 300 மீட்டர் தூரத்தில் பூஜ்யம் ஆகும்படி படிப்படியாகக் குறைத்து, 30 மீட்டர் தரவோடு கூட்டினேன். வித்தியாசத்தைப் பரப்ப ஜிடாலின் ஃபில்நோடேட்டா, தூரத்துக்கு ப்ராக்சிமிட்டி, கூட்டுவதற்கு ராஸ்டர் கால்குலேட்டர். ட்ரோன் தரவு ஒரு செல்கூட மாறவில்லை.

மேற்பரப்பு சேர்ந்தது, கால்வாய் சேரவில்லை. ட்ரோன் பரப்புக்குள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வருகிற வரத்துக்கால்வாய் எல்லையைத் தாண்டியதும் காணாமல் போகிறது. 30 மீட்டர் செல்லுக்கு ஆறு மீட்டர் கால்வாய் தெரிய வழியில்லை. எந்த முறையில் நுணுக்கினாலும் அது திரும்பி வராது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு வரைந்து, தாளில் அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். முன்பு அந்தக் கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இங்கிட்டு நேராப் போகாது. அய்யனார் கோயிலச் சுத்தி அங்கிட்டுத்தான் வரும். நடந்து பாப்பமா?"

"சரிங்கய்யா, வாங்க போவோம்."

நாலு கிலோமீட்டர் நடந்தோம். இரண்டு இடத்தில் கால்வாய் வயலோடு வயலாகச் சமன் ஆகியிருந்தது; கோரையும் நொச்சியும் வளர்ந்திருந்ததை வைத்து அவர்தான் காட்டினார். ஓரிடத்தில் தார்ச்சாலைக்கு அடியில் சின்னக் குழாய்ப் பாலம், பாதி மண் அடைத்துக் கிடந்தது. கைஜிபிஎஸ்ஸில் புள்ளிகளைப் பதிந்து, அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆழத்தை அளவு நாடாவால் அளந்துகொண்டேன். அந்தக் கோட்டை ராஸ்டரில் அளந்த ஆழத்துக்குச் செதுக்கினேன். சாலையும் ட்ரோனுக்கு ஓர் அணைதான், அடியில் குழாய் இருப்பது மேலிருந்து தெரியாது. பாலம் உள்ள செல்களையும் வெட்டிவிட்டேன். மிச்சம் இருந்த போலிப் பள்ளங்களை, வைட்பாக்ஸ்டூல்ஸ் என்ற மென்பொருளில் முடிந்தவரை குறைவாக வெட்டி உடைத்துவிடும் கருவி கவனித்துக்கொண்டது. கண்மாயை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தேன். அது போலிப் பள்ளம் அல்ல, ஊருக்கு வேண்டிய பள்ளம்.

மழைநீர் எவ்வளவு ஓடும் என்பதற்கு நிலப்பயன்பாடும் வேண்டியிருந்தது. எடுத்தது ஐரோப்பிய விண்வெளி முகமையின் (ஈஎஸ்ஏ) வேர்ல்டு கவர் என்ற நிலப்பரப்பு வரைபடம், 10 மீட்டர். இதில் எண்கள் அளவுகள் அல்ல, பெயர்கள்: 40 பயிர் நிலம், 60 வெற்று நிலம், 80 நீர்நிலை. இங்கே பைலீனியரையோ சராசரியையோ தவறிக்கூடத் தொடக் கூடாது. பழக்கத்தில் போட்டுவிட்டேன், ஊருணிகளின் ஓரம் நெடுகிலும் 70 என்று வந்தது. 60-க்கும் 80-க்கும் நடுவே 70. அந்தப் பட்டியலில் 70 என்றால் பனிப்படலம். கண்ணில் பட்டதால் தப்பித்தேன். 40-க்கும் 80-க்கும் நடுவே வரும் 60 கண்ணில் படாது. வயலும் குளமும் சேருகிற இடமெல்லாம் சத்தமில்லாமல் வெற்று நிலமாகிவிடும். இப்படிப்பட்ட ராஸ்டருக்குப் பக்கத்துச் செல்லை எடுக்கும் முறை, இல்லையென்றால் பெரும்பான்மை மதிப்பை எடுக்கும் முறை. வேறு வழி இல்லை.

ஓடைகளைப் பிரித்தெடுக்கும்போது, எத்தனை செல் சேர்ந்தால் ஓடை என்று ஓர் எண் கொடுப்போம். முன்பு 30 மீட்டரில் 500 கொடுத்துப் பழகிய கை. அது 0.45 சதுர கிலோமீட்டர். அதே 500 இங்கே வெறும் 2,000 சதுர மீட்டர்; வரப்புக்கு வரப்பு ஓடை முளைத்துவிட்டது. பழைய பரப்பே வேண்டுமானால் 1,12,500 செல் கொடுக்க வேண்டும். சரிவுப் படத்தில் இதைவிட நுட்பமான சிக்கல். ட்ரோன் பகுதியில் உழவுக் கட்டிகள்கூடச் சரிவாகத் தெரிகின்றன, 30 மீட்டர் பகுதி வழுவழுப்பாக இருக்கிறது. உயரத்தில் மறைந்த தையல் சரிவில் பளிச்சென்று திரும்பி வருகிறது. ஆகவே இந்த ராஸ்டரிலிருந்து சரிவை எடுத்து, மண் அரிப்பு மாதிரியான கணக்குகளுக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்தக் கோப்போடு இன்னொரு கோப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். அதே கட்டம், அதே 2 மீட்டர்; ஒவ்வொரு செல்லும் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அதில் இருக்கும். 1 ட்ரோன், 2 ட்ரோன் ஓட்டையில் நிரப்பியது, 3 தையலில் திருத்தியது, 4 வெறும் 30 மீட்டர், 5 கையால் செதுக்கியது. உலகக் கடலடி வரைபடமான ஜெப்கோவில் பார்த்துக் கற்றது இது. கப்பலில் நேரடியாக அளந்த ஆழங்களையும் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து கணித்த ஆழங்களையும் ஒரே 15 ஆர்க்-விநாடிக் கட்டத்தில் கலந்திருக்கிறார்கள். எந்தச் செல் அளந்தது, எது கணித்தது என்று சொல்ல டிஐடி என்ற துணைக் கட்டத்தைக் கூடவே வெளியிடுகிறார்கள். இந்தப் பழக்கம் நம் வேலைகளில் அனேகமாக இல்லை, கட்டாயம் இருக்க வேண்டும். 2 மீட்டர் என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, மேட்டில் இருக்கும் ஒரு புள்ளியையும் 2 மீட்டர் துல்லியம் என்று நம்பி யாராவது அங்கே தடுப்பணைக்கு மட்டம் குறித்துவிடுவார்கள்.

30 மீட்டர் தரவில் மட்டும் ஓட்டியபோது கண்மாயின் நீர்ப்பிடிப்பு 41 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. சேர்த்த ராஸ்டரில், சமன் ஆன இடங்களைச் செதுக்காமல் ஓட்டியபோது, 33. குறைந்த 8 சதுர கிலோமீட்டரும் ஒரே இடத்தில் பிரிகிறது: குழாய்ப் பாலத்துக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டரில், பெரியவர் காட்டிய சமன் ஆன இடங்களில் ஒன்றில். கால்வாயை அங்கே செதுக்காமல் ஓட்டினால் தண்ணீர் பக்கத்துக் கண்மாயை நோக்கித் திரும்புகிறது. செதுக்கி ஓட்டினால் பெரும்பங்கு இங்கே வருகிறது. ஊரில் தண்ணீர் வராமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆயக்கட்டுதாரர்கள் உடனே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அந்த இடம் துணைக் கோப்பில் 4-ம் 5-ம் கலந்து கிடக்கிறது. அங்கே உயரத்தைத் தீர்மானிப்பது 30 மீட்டருக்கு ஒரு மதிப்பும் என் நாடா அளவும்தான்.

அதனால் அவர்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சாய்கோடு போட்டு, "இங்கே மட்டம் எடுத்த பிறகே மண் வெட்டவும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கால்வாயின் இருபுறமும் நூறு நூறு மீட்டர் விட்டு, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு முறை ட்ரோன் விட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், வயலில் பயிர் ஏறுவதற்குள் பறக்கவிட்டுவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். தையல் போடும் படிகளை ஒரு சின்ன நிரலாக எழுதிவிட்டேன். புதுத் துண்டு வந்தால் அரை மணி நேரத்தில் உள்ளே சேர்ந்துவிடும்.